எல்லாருக்கும் பிடித்த திகதி

பாலேந்திரனுக்கு முப்பத்து மூன்று வயதுக்குள் நான்கு சம்பந்தம் வந்தது, நான்கும் கைநழுவிப் போனது. பெடியனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடியில்லை, வெடியில்லை, கண்டியில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறான், வேலை கொடுத்த ஹாஜியாரிடம் நல்ல பெயர். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு பாட்டு: "ஓம், உங்கட விருப்பம்." கடைசியாக வந்த பெண் வீட்டார், கலியாணம் முடிந்ததும் கனடாவுக்குப் போக வேண்டும் என்றார்கள். ஓம் என்றான். கண்டியை விட்டு எங்கும் போகக்கூடாது என்று அவனுடைய தாய் சொன்னாள். அதற்கும் ஓம் என்றான். இரண்டு ஓமும் ஒரே வாரத்தில் ஒன்றையொன்று சந்தித்தன, சம்பந்தம் முறிந்தது.

அவனையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்தவன். தலதா மாளிகையடியில் குண்டு வெடித்த வருஷம் மட்டும் அவனை மூன்று தடவை பிடித்துக்கொண்டு போய் விசாரித்து விட்டார்கள். தமிழன் ஒருவன் வாடகை அறையில் நிம்மதியாகப் படுக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரருக்கும் ஓம், காவலரணில் நிற்பவனுக்கும் ஓம், பக்கத்து அறைக்காரனுக்கும் ஓம் சொல்ல வேண்டும் என்று அவன் அப்போது படித்த பாடம் பிறகு தலையிலிருந்து இறங்கவே இல்லை. பயந்தவனின் பணிவு அது. பார்ப்பவர்கள் அதைக் குணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது சம்பந்தம் வவுனியாவிலிருந்து வந்தது. பெண்ணின் பெயர் மங்களேஸ்வரி, ஆசிரியை. படத்தில் அவள் சிரிக்காமல், படமெடுத்தவனைக் கேள்வி கேட்கப் போகிறவளைப் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை பாலேந்திரன் பேனை செருகிய சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். இதுவும் போனால் இனிமேல் யாரும் பேசி வரமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதைவிட, இந்தப் பெண் போவதை அவனால் தாங்க முடியாது. அதை வாயால் ஒருவரிடமும் சொல்லவில்லை, அதுதானே அவனுடைய வியாதி!

இனித் திகதிக் கதைக்கு வருவோம்.

மர்சூக் ஹாஜியாருக்குக் கண்டியில், கொழும்பு வீதியில் ஒரு லொட்ஜ். கீழே கொம்பியூட்டர் வகுப்பு, மேலே பதினான்கு அறைகள். வெளியூரிலிருந்து யார் வந்து தங்கினாலும் வந்த திகதியும் போகும் திகதியும் போட்டுப் பொலிசுக்குத் தினமும் பட்டியல் கொடுக்க வேண்டும், அதிலும் வடக்கிலிருந்து வந்த தமிழர் என்றால் கட்டாயம். அதைக் கையால் எழுதிக்கொண்டிருந்தவர் லொட்ஜின் கிளார்க் வீரய்யா. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு எழுதிப் பழகிய மனிதர். அவருடைய எழுத்து அவருக்கு விளங்கும், கடவுளுக்கும் விளங்கலாம். பொலிஸ் சார்ஜன்ட் ஏக்கநாயக்க மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி அச்சில் வராவிட்டால் லொட்ஜை மூடுவேன் என்று ஹாஜியாரிடம் சொல்லிவிட்டார். ஹாஜியார் உடனே பாலேந்திரனைக் கூப்பிட்டார். பாலேந்திரன் இரண்டு வாரத்தில் ஒரு புரோகிராம் எழுதி முடித்தான். பெயர், அறை, ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் பிசகில்லாமல் வந்தது. திகதியை எப்படிக் காட்டுவது என்பதில்தான் சனியன் உட்கார்ந்திருந்தான்.

"மாசம் முன்னுக்கு வரோணும் தம்பி," என்றார் ஹாஜியார். "இந்தக் கொம்பியூட்டர எண்ட மருமகன் டுபாயிலீந்து கொண்டு வந்தது. தொறந்த ஒடனே மாசத்தத்தான் முன்னுக்குக் காட்டுது. அத செஞ்சவன் அமெரிக்காக்காரன். அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சி ஈக்கிது?"

"ஓம் ஹாஜியார்."

வீரய்யா அவனை மாடிப்படியில் மறித்தார். "சார், நாளு, மாசம், வருசம். வெள்ளக்கார தொர காலத்துல இருந்து செக்ரோல்ல அப்படித்தாங்க. மாசத்த முன்னுக்குப் போட்டீங்கன்னா எனக்குத் தல சுத்திப் போயிரும்."

"ஓம் வீரய்யாண்ணை, அப்பிடியே செய்வம்."

சார்ஜன்ட் ஏக்கநாயக்க வகுப்புக்கே வந்து, தொப்பியைக் கழற்றி கீபோர்ட்டின் மேல் வைத்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: அரசாங்கக் கடிதம் எல்லாவற்றிலும் வருஷம்தான் முதலில் வரும், பிறகு மாதம், பிறகு நாள், அரசாங்கம் எப்படியோ பட்டியலும் அப்படி. பாலேந்திரன் அவருக்கும் தலையாட்டினான். சிங்களத்தில் ஆட்டினாலும் தலை தலைதானே.

மூன்று பேருக்கு மூன்று ஓம். இதில் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்ற இரண்டு பேரிடம் போய் இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். பாலேந்திரனால் அது முடியுமா? இரண்டு இரண்டு எண்ணாக, இடையில் சரிந்த கோடு போட்டு, தன் கைப்பழக்கத்தின்படி நாளை முன்னால் வைத்து எழுதிவிட்டு, யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இழுத்தடித்தான். அப்போதுதான் காலண்டர் அவனுக்கு ஒரு வழி காட்டிற்று. புரோகிராமை எல்லாருக்கும் காட்டிய நாள் இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி. திரையில் 01/01/01 என்று வந்தது.

ஹாஜியார் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நான் செல்லின மாதிரியே." வீரய்யா கண்ணாடியை மூக்கில் ஏற்றி வைத்துக்கொண்டு பார்த்தார். "அப்படிப் போடுங்க சார், நம்ம செக்ரோலேதான்." சார்ஜன்ட் பார்த்துவிட்டு அவனுடைய முதுகில் தட்டினார். அன்று பாலேந்திரன் உலகத்தில் மூன்று பேரை ஒரே நேரத்தில் திருப்திப்படுத்திய ஒரே மனிதனாகத் தன்னை நினைத்து, தேநீர்க் கடையில் இரண்டு ரோல்ஸ் வாங்கித் தின்றான்.

அடுத்த வாரமே குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பட்டியலை அச்சடிக்கும் பிரிண்டர் வந்து சேரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓடிற்று. வீரய்யா பழையபடி கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். பிரிண்டர் வந்தது மார்ச் மாதம் பிறந்த பிறகு. முதற் பட்டியல் அச்சடித்த நாள் நான்காந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று பின்னேரம் வவுனியாவிலிருந்து வந்து இறங்கிய ஒரே விருந்தாளி, மங்களேஸ்வரியின் தகப்பன் தியாகராஜா. விதி என்றால் இப்படியும் இருக்குமா?

தியாகராஜா இளைப்பாறிய பிரதம இலிகிதர். முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கச்சேரிகளில் பிறருடைய பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வாழ்ந்தவர். மாப்பிள்ளையைத் தன் கண்ணாலே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வந்திருந்தார். வவுனியாவை விட்டு வெளியே போக அவருக்குக் கொடுத்த பாஸ் எட்டாந் திகதியோடு முடிகிறது, அதற்குள் திரும்பாவிட்டால் உள்ளே போக விடமாட்டார்கள். ஆகவே நான்காந் திகதி வந்து ஏழாந் திகதி போவதாக மூன்று நாளைக்கு அறை எடுத்தார். திங்கட்கிழமை ராகுகாலம் கழிய ஒன்பதேகாலுக்குத்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பேன், அதற்கு முன் முகத்திலும் முழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாலேந்திரன் அவருடைய அறைக்குப் புதுத் திரைச்சீலை மாட்டிவித்துவிட்டு, கண்ணில் படாமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

வீரய்யா அச்சடித்த பட்டியலில் அவருடைய பெயருக்கு எதிரே இப்படி இருந்தது: வந்த திகதி 04/03/01, போகும் திகதி 07/03/01.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, நல்ல ராகுகாலத்தில், சார்ஜன்ட் அதைத் தன் கண்ணால் வாசித்தார். வருஷம் முதலில் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள் அல்லவா? வவுனியாவிலிருந்து வந்த தமிழர் ஒருவர் இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி லொட்ஜுக்கு வரப்போகிறார், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி போகப்போகிறார். ஆனால் ஆள் இப்போதே நான்காம் அறையில் விபூதி பூசிக்கொண்டிருக்கிறார்! ஒன்பது மணிக்குள் தியாகராஜாவும், பட்டியலைக் கொடுத்த வீரய்யாவும் பொலிசில் இருந்தார்கள்.

செய்தி வகுப்பறைக்கு வந்தபோது பாலேந்திரன் இஸ்திரி போட்ட சட்டையில், சந்தனப் பொட்டோடு ஒன்பதேகாலுக்காகக் காத்திருந்தான். மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள் என்பதால் ஹாஜியார் திகனையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே ரெலிபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னான்.

"மூணு வருசமா?" என்றார் ஹாஜியார். "அது எப்பிடி? மாசம் முன்னுக்கு எண்டா ஏப்ரல்லீந்து ஜூலை. மூணு மாசம்தானே?"

"இல்லை ஹாஜியார், அது மூண்டு நாள்."

"மூணு நாளா? தம்பி, நீங்க எனக்கு என்னத்தக் காட்டின?" மறுமுனையில் ஆடு ஒன்று கத்திற்று. ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "சரி, விடுங்க. வீரய்யாக்கு டைப் அடிக்கத் தெரியல்ல, பெசகிப் போட்டார் எண்டு செல்லிருங்க. வயசான மனுசன், ரெண்டு ஏச்சி ஏசிப் போட்டு விட்டுருவானுகள். ஒங்கட பேர் யாழ்ப்பாணம் எண்டு பதிஞ்சி ஈக்கிது. நீங்க வாயத் தொறக்கவாணாம். விளங்கின?"

"ஓம் ஹாஜியார்," என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது நெஞ்சில் இடித்தது.

பொலிசுக்குள் அவன் நுழைந்தபோது தியாகராஜா கைதியாக இருக்கவில்லை, கச்சேரியில் இருந்தார். சார்ஜன்டின் மேசைக்கு முன்னால் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, சுத்தமான சிங்களத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். குருநாகலில் பத்து வருஷம் வேலை பார்த்த சிங்களம். மேசையில் அவருக்கு முன்னால் ஒரு கோப்பைத் தேநீர்கூட இருந்தது. ஆனால் பாஸ் சார்ஜன்டின் மேசை லாச்சிக்குள் போய்விட்டது.

"பாஸில நாலு நாள் மிச்சம் இருக்கு. லொட்ஜில மூண்டு வருஷத்துக்கு அறை," என்றார் சார்ஜன்ட் சலிக்காமல், பத்தாவது தடவையாக. "இரண்டாயிரத்து நாலு மார்ச் முதலாந் திகதி கண்டியில என்ன நடக்கப் போகுது? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் உயிரோட இருப்பனோ எண்டே எனக்குத் தெரியாது!" என்று தியாகராஜா தமிழில் வெடித்தார். பிறகு பட்டியலை மேசையில் அறைந்தார். "மாதத்தின்ர பேரில்லாத திகதி கையெழுத்தில்லாத கடிதம் மாதிரி. இதைச் செய்த மடையன் என்ர கந்தோரில இருந்திருந்தா அண்டைக்கே இடமாற்றம். புத்தளத்துக்கு, உப்பு அள்ள!"

மடையன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சுவரோரமாக வாங்கில் வீரய்யா உட்கார்ந்திருந்தார். இளம் பொலிஸ்காரன் ஒருவன் அவரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான்: இந்தத் திகதியைப் போட்டது யார்? வீரய்யாவும் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொன்னார்: "கொம்பியூட்டர் தாங்க போடுது." கொம்பியூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? "அதுவாவே போடுதுங்க." பாலேந்திரனைக் கண்டதும் அவர் முகத்தைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஆளைத் தெரியாது என்பதுபோலக் கூரையைப் பார்த்தார். போ, போய்விடு என்று அவருடைய வலது கை தொடைக்கு அருகில் மெல்ல அசைந்தது.

பாலேந்திரனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. செக்ரோலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் தனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். தான் போட்டிருப்பதோ பெண் பார்க்கும் சட்டை. வாயைத் திறந்தால் ஐந்தாவது சம்பந்தமும் இந்த அறையிலேயே, தகப்பன் கண் முன்னாலேயே செத்துப் போகும். யாழ்ப்பாணத்தான் என்ற பதிவும் இருக்கிறது, உள்ளே தள்ளவும் தள்ளுவார்கள். திறக்காவிட்டால் வீரய்யாவுக்கு ஏச்சோடு போகுமா, அடியோடு போகுமா, யார் கண்டது?

"அதை நான்தான் செய்தது, மாத்தயா," என்றான் சிங்களத்தில். குரல் ஆட்டுக்குட்டியின் குரல் போல வந்தது, ஆனாலும் வந்துவிட்டது. "அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. கொம்பியூட்டரிலயும் பிழையில்லை. நீங்கள் வருஷம் முன்னால எண்டீங்கள், ஹாஜியார் மாதம் எண்டார், இவர் நாள் எண்டார். மூண்டு பேருக்கும் நான் ஓம் எண்டனான். ஜனவரி முதலாந் திகதி உங்களுக்குக் காட்டினது ஞாபகமிருக்கோ?"

சார்ஜன்ட் அவனை உற்றுப் பார்த்தார். ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து 01/01/01 என்று எழுதினார். முன்னாலிருந்து வாசித்தார், பின்னாலிருந்து வாசித்தார். பிறகு அவருடைய வயிறு மெல்லக் குலுங்கத் தொடங்கிற்று. அது மேலே ஏறி வாய்க்கு வந்தபோது அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தியாகராஜா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலால் பாலேந்திரனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை வாசித்தார்.

சிரித்து முடிந்ததும் சார்ஜன்ட் மறுபடி சார்ஜன்ட் ஆனார். நடந்ததை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பாலேந்திரன் பேனையை எடுத்தான். காகிதத்தின் மேல் மூலையில் முதலில் எழுத வேண்டியது என்ன? திகதி! பேனை அந்தரத்தில் நின்றது. சார்ஜன்ட் பார்த்தார், வீரய்யா பார்த்தார், தியாகராஜா கழுத்தை நீட்டிப் பார்த்தார். பாலேந்திரன் மூச்சை இழுத்து, நாளை எண்ணில் போட்டு, மாதத்தை எழுத்தில் எழுதி, வருஷத்தை முழுசாகப் போட்டான்: 5 மார்ச் 2001.

"வருஷம் முன்னால," என்றார் சார்ஜன்ட்.

"இல்லை மாத்தயா."

அந்தச் சொல் தன்னுடைய வாயிலிருந்துதான் வந்ததா என்று பாலேந்திரனே ஒரு கணம் சந்தேகப்பட்டான். வந்தது வந்துவிட்டது, மிச்சத்தையும் சொன்னான். "தமிழில மார்ச் எண்டாலும் சிங்களத்தில மார்த்து எண்டாலும் அது ஏப்ரல் ஆகாது. ஆர் வாசிச்சாலும் ஒண்டுதான். இனி திரையிலயும் பட்டியலிலயும் எல்லா இடத்திலயும் இந்த ஒரு மாதிரித்தான் வரும். இண்டைக்குப் பின்னேரமே மாத்திப் போடுறன்."

சார்ஜன்ட் மேசையில் விரலால் தட்டினார். பிறகு லாச்சியைத் திறந்து பாஸை எடுத்துத் தியாகராஜாவிடம் நீட்டினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மூன்று பேரும் வெளியே வந்து மணிக்கூட்டுக் கோபுரத்தை நோக்கி நடந்தார்கள். வீரய்யா இரண்டு அடி பின்னால் வந்தார். கோபுரத்தடிக்கு வந்ததும் தியாகராஜா திடீரென்று நின்றார்.

"நீர் ஆர் தம்பி?"

"பாலேந்திரன், ஐயா."

"எந்தப் பாலேந்திரன்?"

"ஒன்பதேகாலுக்கு உங்களைச் சந்திக்க இருந்த..."

தியாகராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீர் பொலிசுக்குள்ள வரேக்க ஒன்பது பதினாறு. நான் பாத்தனான்." கொஞ்சம் யோசித்தார். "ராகுகாலம் முடிஞ்சுதான் இருந்தது. சரி, ஒரு கேள்வி கேக்கிறன். இந்தச் சம்பந்தத்தைப் பற்றி நீர் என்ன நினைக்கிறீர்?"

"உங்கட..." என்று பழைய பாட்டு நுனி நாக்கு வரை வந்தது. பின்னால் வீரய்யா பலமாக இருமினார். பாலேந்திரன் வந்ததை விழுங்கினான். "எனக்கு நல்ல விருப்பம், ஐயா. இது தவறினா எனக்குத் தாங்காது."

"ம்," என்றார் தியாகராஜா. அந்த 'ம்' ஆம் என்பதா, இல்லை என்பதா என்று பாலேந்திரனுக்கு விளங்கவில்லை. ஏழாந் திகதி காலை பஸ் ஏறும்வரை அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

பெருநாள் முடிந்து திரும்பிய ஹாஜியார் திரையைப் பார்த்துவிட்டு, எண்ட மாசம் எங்க தம்பி என்று கேட்டார். இனி இப்படித்தான் ஹாஜியார், மாற்ற ஏலாது என்றான் பாலேந்திரன். ஹாஜியார் பிரமித்துப்போய் அவனுடைய நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார். பின்னேரம் பெருநாளுக்குச் செய்த வட்டிலப்பம் அனுப்பினார். கோபமென்றால் அனுப்பியிருக்க மாட்டார்.

இரண்டு வாரம் கடிதமில்லை. அந்த இரண்டு வாரமும் பாலேந்திரன் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனான். வீரய்யா தபால்காரனை வீதி முனையிலேயே மறித்துக் கேட்டுக் கேட்டு, கடைசியில் தபால்காரன் வேறு வழியால் வரத் தொடங்கினான். மூன்றாம் வாரம் வவுனியா முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. அச்சுக் குத்தினாற்போன்ற எழுத்து. சாத்திரியார் மூன்று நாள் குறித்துத் தந்திருக்கிறார் என்று தியாகராஜா எழுதியிருந்தார்: மே மாதம் இருபத்தேழு, ஜூன் மாதம் மூன்று, ஜூலை மாதம் ஒன்று. மாதம் எல்லாம் எழுத்தில், வருஷம் முழுசாக. "இதில் ஒன்றை நீரே தெரிவு செய்து அறியத் தரவும்."

ஹாஜியார் ஜூன் என்றார், அப்போதுதான் மருமகன் டுபாயிலிருந்து வருவானாம். வீரய்யா ஜூலை என்றார், அவருடைய மகளுக்கு அதற்குள் பிள்ளை பிறந்துவிடும். இரண்டு பேரையும் பார்த்து பாலேந்திரன் வாயைத் திறக்கப் போனபோதுதான் கடிதத்தின் அடியில், வேறொரு கையெழுத்தில், மூன்று வரி இருப்பதைக் கண்டான்.

"அப்பாவுக்கு ஜூலைதான் விருப்பம். எனக்கு மே. பொலிசில் நீங்கள் சொன்ன 'இல்லை'யைப் பற்றி அப்பா இங்கே வீடு வீடாகச் சொல்லித் திரிகிறார். எனக்கு 'உங்கட விருப்பம்' என்று மட்டும் எழுதிப் போடாதேங்கோ."

பாலேந்திரன் அதை மூன்று தரம் வாசித்தான். பிறகு பேனையை எடுத்து, யாரையும் கேளாமல், 27 மே 2001 என்று எழுதினான்.